ஹெரால்டு காரும் என் மாணவனும்



நேற்று பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய கார் சாவி கிடைத்தது. பேரன், "என்ன கார் தாத்தா?" என்றான். "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்றேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை.

லைசென்ஸ், பர்மிட் காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் சென்னையில் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை, ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே தயாரித்தது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் தொழிற்சாலை. வடிவமைத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது.

புதுக் கார் வாத்தியார் சம்பளத்துக்கு எட்டாது. 1990இல் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு, 14,000 ரூபாய்க்கு 1969 மாடல் ஒன்றை வாங்கினேன். அந்த நிறுவனம் அதற்கு இரண்டு வருடம் முன்பே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. "உதிரி பாகத்துக்கு எங்கே போவீர்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் காதில் வாங்கவில்லை.

முதல் மாதமே மதுராந்தகம் அருகே எஞ்சின் கொதித்து வண்டி நின்றது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். என் பழைய மாணவன். ஐந்தாம் வகுப்பில் கணக்கு வராததற்காக, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று எல்லார் முன்னிலையிலும் நான் திட்டிய அதே பையன்.

ஹெரால்டின் பானட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முழுதாகத் திறக்கும். அவன் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டான். சற்று ஆறியதும், "எஞ்சின் பக்கம் கை காட்டுங்க சார், அனல் அடிக்குது. ரேடியேட்டர் அடியில தொடுங்க, சில்லுன்னு இருக்கு. ஏன் சொல்லுங்க?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கு. சூடான தண்ணி ரேடியேட்டருக்கே வரல" என்றான். வெப்பம் பற்றிப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். அன்று அவன் வாத்தியார், நான் மாணவன். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான்.

ஆறு வருடம் அந்தக் காரை ஓடவைத்தவன் அவன்தான். குடும்பமே ஏறினால் பின் சக்கரங்கள் அடிப்பக்கம் விரிந்து நிற்கும், பார்த்துச் சிரிப்பான். 1996இல் பின் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தது. எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போட்டேன். அன்று என்னைவிட அவன்தான் அதிகம் வருந்தினான்.

அந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் என்ற கௌரவம் தடுத்தது. தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அன்று நான் சொன்னது தவறு. எல்லார் முன்னிலையிலும் சொன்னதால் எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெறுகிறேன். சாவியை உனக்கென எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வா.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்