பெட்டியா, கூரையா? உதைபடும் அணுக்களின் உந்தப் பரவல் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆஸ்டினில் மார்க் ரைசன் குழு 1995இல் வெளியிட்ட சோடியம் அணு ஆய்விலிருந்து இரண்டு அளவீடுகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒன்று, லேசர் நிலையலையின் உதைகள் கூடக்கூட அணுக்களின் ஆற்றல் ஏறி, பிறகு படுத்துவிடுவது. மற்றது, அணுக்களின் உந்தப் பரவல். குவாண்டம் குறுக்கீட்டால் அணுக்களின் உந்தம் மேலும் பரவாமல் நின்றுவிடும் இயக்கவியல் இடமுடக்கத்துக்கு முதலாவதே தலைமைச் சான்று, இரண்டாவது அதற்குத் துணை என்று கொள்ளும் ஒரு வாசிப்பு வேரூன்றியிருக்கிறது. அந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து.

ஆற்றல் ஏறாமல் நிற்பதற்குக் குவாண்டம் குறுக்கீடு வேண்டியதே இல்லை. கோட்பாட்டில் உதைக்குக் கால நீளம் கிடையாது, ஆய்வகத்தில் உண்டு. 589 நானோமீட்டர் ஒளியில் சோடியத்தின் பின்னுதைப்பு வேகம் விநாடிக்கு 2.9 செ.மீ. அதைப்போல் 60 மடங்கு வேகம் பெற்ற அணு, துடிப்பு 100 நானோவிநாடி நீள்வதாகக் கொண்டால், அதற்குள் சுமார் 177 நானோமீட்டர் நகர்ந்துவிடும். நிலையலையின் ஒரு மடிப்போ 294.5 நானோமீட்டர்தான். ஏற்றத்தில் கிடைத்த தள்ளலை இறக்கம் கழித்துவிட, சதுரத் துடிப்பில் உதையின் வலு பாதியாகிறது. 90 மடங்கை ஒட்டி, உதையின் வலுவைக் குறிக்கும் K, 10 அளவில் தொடங்கியது, ஏறத்தாழ 1 ஆகிவிடுகிறது. அதற்கப்பால் ஒழுங்கான பாதைகள் வேலி கட்டுகின்றன. செவ்வியல் அணுவும் அங்கே நின்றுதான் தீர வேண்டும்.

ஆனால் அது எப்படி நிற்கும்? வேலிக்குள் விரவும் செவ்வியல் அணுக்கள், விரவும் வேகம் இடத்துக்கு இடம் மாறினாலும், கடைசியில் சமமாக நிரம்பும். பரவல் தட்டையான பெட்டியாகும். ஆஸ்டின் பரவலை மடக்கை அளவில் வரைந்தால் தெரிவதோ ஓட்டு வீட்டுக் கூரை: நடுவில் முகடு, இருபுறமும் ஏறக்குறைய நேரான சரிவு. வேலி நிறுத்தத்தை விளக்கலாம். இந்தச் சரிவை அதனால் விளக்க முடியாது. பெட்டி நிரம்புமுன் இடைக்காலத்தில் கூரை தோன்றலாமே என்பர். அப்போது எதிர்பார்க்க வேண்டியது வளைந்த மணி வடிவம், நேர்ச்சரிவு அல்ல. அணுமேகத்தின் தொடக்க அகலம் முகட்டை மழுக்கும், அவ்வளவே. சரிவின் கடைக்கோடியை மட்டும் நான் சான்றாகக் கொள்ளத் தயங்குவேன். அங்கே உதை உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது. 30 பின்னுதைப்புக்குள் தளர்ச்சி ஏழில் ஒரு பங்குதான்.

அக்குழு பின்னர் சீசியத்துக்கு மாறியதற்கு இந்த வேலியும் ஒரு காரணம். 852 நானோமீட்டர் ஒளியில் அதே 60 பின்னுதைப்பு பெற்ற சீசியம் அணு, அதே துடிப்பில் 21 நானோமீட்டர்தான் நகரும். மடிப்பு 426 நானோமீட்டர். உதை 1 விழுக்காடுகூடக் குறையாது. 1998இல் ஆஸ்டினும் ஆக்லாந்தும் சீசிய அணுக்களின் மீது, முறையே உதைகளின் வலுவைத் தாறுமாறாக்கியும், அணுக்களைத் தன்னியல்பாக ஒளி உமிழச் செய்தும் பார்த்தபோது, நின்ற ஆற்றல் மறுபடி ஏறியது. ஆஸ்டின் பரவலில் கூரை மெல்ல மணியாக உருண்டது. வேலிதான் அணுக்களைத் தடுத்தது என்போர் அந்த உருமாற்றத்துக்கு இன்னும் கணக்குச் சொல்லவில்லை.