ஜொகூர் கடலில் நங்கூரம் போட யாரிடம் அனுமதி வாங்கணும்?

கப்பல் துறைமுகத்துக்குள் வரவே இல்லை, சரக்கும் இறக்கவில்லை. சும்மா நங்கூரம் போட்டு நின்றதற்கு ஏன் பிடிக்கிறார்கள்? ஜொகூரின் கிழக்குக் கடலில் கப்பல்கள் தடுத்துவைக்கப்படும் செய்திகளைப் படிக்கும்போது உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கலாம்.

குழப்பம் 'ஓபிஎல்' என்ற சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. துறைமுக எல்லைக்கு வெளியே என்பதுதான் அதன் பொருள். அனைத்துலகக் கடல் என்பதல்ல. மலேசியாவின் கடல் எல்லை அடிப்படைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை போகும். துறைமுகம் முடிந்தாலும் நாடு முடியலை. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்றால் கட்டணம் உண்டு. அதனால் அடுத்த உத்தரவு வரும்வரை சில கப்பல்கள் இந்தப் பக்கம் ஒதுங்குகின்றன.

ஒதுங்கலாம், ஆனால் மலேசியக் கடல்துறையின் அனுமதி முன்கூட்டியே வேணும். பொதுவாக உள்ளூர்க் கப்பல் முகவர்தான் விண்ணப்பிப்பார். கடல்சார் அமலாக்க அதிகாரிகள் ஏறிச் சோதிக்கும்போது கடிதத்தைக் காட்டணும். "ஏஜெண்ட் பார்த்துக்கிறேன்னு சொன்னாரு" என்பது எடுபடாது. 1952ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 491பி பிரிவின்கீழ் 100,000 ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

செலவை மிச்சம் பிடிப்பது உரிமையாளர். விசாரணைக்குப் போவதோ கேப்டன். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பொறுப்பில் இருந்தால், நங்கூரத்தை இறக்கும் முன்பே கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.