மண்ணிலிருந்து எழும் வாயு



நம் ஜொகூரின் வடபுறத்தில், சிகாமட் மாவட்டத்தில் பாலோங் என்றோர் இடம் உண்டு. அங்குள்ள மண்ணில் யுரேனியமும் தோரியமும் எவ்வளவு இருக்கின்றன என்று மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து, 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த நிலம் அது. ஆலைக் கழிவு காரணமன்று. மண்ணின் பிறவிக் குணமே அப்படி.

"மண்ணில் இருந்தால் நமக்கென்ன, மண்ணையா தின்கிறோம்?" என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடையின் தொடக்கம் 1900ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிடைத்தது. ரேடியத்திலிருந்து ஒரு வாயு வெளிப்படுவதை டோர்ன் என்னும் அறிஞர் கண்டார். அதுவே ரேடான். யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான். நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. 3.8 நாளில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆனால் அது சிதைந்து உண்டாகும் நுண்பொருள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்குகின்றன. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலை அடுத்த முக்கியக் காரணம் இதுவே. பீடி, சுருட்டுப் பழக்கம் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூடும்.

சுரங்கத் தொழிலாளரின் துன்பமாக மட்டுமே நெடுங்காலம் எண்ணப்பட்ட இது, வீட்டுக்குள்ளும் உண்டு என்று உலகம் திடுக்கிட்டது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர், கட்டி முடியாத அணுமின் நிலையமொன்றில் வேலை பார்த்தார். அங்கே மின் உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. அப்படியிருந்தும், அவர் காலையில் உள்ளே நுழையும்போதே எச்சரிக்கை மணி அடித்தது! அவர் வீட்டைச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 2,700 பிக்கோகியூரி. அந்நாட்டரசு பின்னர் வகுத்த எல்லையோ வெறும் 4. குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. தரைக்கடியில் குழாயும் விசிறியும் அமைத்து வாயுவை வெளியேற்றிய பிறகே திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் அந்த அளவு இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அடுத்த வீட்டைப் பார்த்து நம் வீட்டைச் சொல்ல முடியாது.

அதே டிசம்பரில், பேராக்கிலுள்ள புக்கிட் மேரா மக்கள் ஜப்பானியப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவாவை வரவழைத்துத் தங்கள் ஊரை அளக்கச் செய்தார்கள். அது தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய வழக்கு. பாலோங்கோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அளந்து சொல்லுங்கள் என்று ஊரே கேட்டது பெரிய காரியம்.

நம் பழைய லயங்களில் பலகைச் சுவர், இடுக்கெல்லாம் காற்று. சில லயங்கள் கால் நட்டுத் தரைக்கு மேலே நின்றவை. அத்தகைய வீட்டில் ரேடான் தேங்க வழியில்லை. இன்று தரையோடு ஒட்டிய சிமெண்டு வீடு, குளிர்சாதனத்துக்காக அடைத்த சன்னல். தரை வெடிப்பு வழியே வரும் வாயு வெளியேறாது. சன்னலைத் திறந்தால் குறையும், செலவில்லாத வைத்தியம்.

சோதனை கடினமன்று. கரிப்பொடி அடைத்த சிறு டப்பாவைச் சில நாள் வைத்து எடுக்கலாம். பிளாஸ்டிக் தகடுள்ள கருவியை மூன்று மாதம் வைத்தால் நம்பகம் அதிகம். பிறகு ஆய்வுக்கூடத்தில் கணக்கிடுவார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் கூறியது. கருவியைச் சமையற்கட்டிலோ குளியலறையிலோ வைக்கலாகாது. பிள்ளைகள் உறங்கும் கீழ்த்தள அறையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும்.