ஷேர் ஆற்றின் மேல் ஒரு பாலம்

1531-இல் கணவரை இழந்தபின் கறுப்பும் வெள்ளையுமே தம் நிறங்களெனக் கொண்டவர் தியான் த புவாத்தியே. 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் ஈட்டிப் போட்டிக்களத்தில் இறங்கிய பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஹென்றி பூண்டிருந்ததும் அவ்விரு நிறங்களையே. மன்னனுக்கு வயது 40. தியானுக்கோ அறுபதை ஒட்டிய வயது. அரசி கேத்தரின் த மெடிசியும் அங்கிருந்தார்.

இவ்வுறவை அழகின் மாயம் என்று எழுதிக் கடந்துவிடுவதே வழக்கம். 2009-இல் வெளியான ஆய்வொன்று தியானின் கூந்தலில் மிகுதியான பொன் இருந்ததைக் காட்டிற்று. இளமை குன்றாதிருக்கப் பொன் கலந்த பானம் அருந்தியிருக்கக்கூடும் என்கிறார்கள். இருக்கட்டும். என்னை வியக்க வைப்பது அவருடைய மேனியன்று, கணக்கறிவே.

ஹென்றி 1547-இல் அரியணை ஏறியதும் ஷெனொன்ஸோ மாளிகையை அவருக்கு வழங்கினான். ஆனால் அது முடியரசின் சொத்து. மன்னனே விரும்பினாலும் நிலையாகக் கொடுத்துவிட இயலாதது. தன்னைவிட இருபது வயது இளையவனின் அன்பை நம்பியிருந்த அப்பெண்மணி, அவன் கொடுத்த தானத்தை மட்டும் நம்பவில்லை. நீண்ட வழக்காடலுக்குப் பின் 1555-இல் அம்மாளிகையை முறைப்படி விலைக்கு வாங்கித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம் அமைக்கும் பணியைக் கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் த லோர்மிடம் ஒப்படைத்தார். அரசியின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவர் மேற்பார்வையில்தான் இருந்தது! அதைக் கேத்தரின் எப்படிப் பொறுத்துக்கொண்டிருப்பார்?

அன்றைய போட்டியில் முறிந்த ஈட்டியின் சிம்புகள் மன்னனின் கண்ணருகே பாய்ந்தன. பத்து நாட்கள் உயிருக்குப் போராடினான். தியான் அவனருகே அனுமதிக்கப்படவில்லை. ஜூலை 10-இல் மன்னன் இறந்ததும் அரசுக்குரிய அணிகலன்களைத் திருப்பித் தர நேர்ந்தது. அத்தனை பாடுபட்டுப் பதிந்த கிரயமும் காக்கவில்லை. ஷோமோன் கோட்டையைப் பெற்றுக்கொண்டு ஷெனொன்ஸோவை விட்டுக்கொடுக்கும்படி கேத்தரின் நெருக்கினார், தியான் பணிந்தார். ஆயினும் ஆனே மாளிகை அவரிடமே எஞ்சியது. 1566-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

கேத்தரின் அப்பாலத்தை இடிக்கவில்லை. அதன்மேல் நீண்ட கூடமொன்றை எழுப்பி, அங்கே விருந்துகள் நடத்தினார். இன்று ஷெனொன்ஸோவின் படங்களில் நாம் காண்பது அக்கூடத்தைத்தான்; அதைத் தாங்கி நீரில் நிற்கும் வளைவுகள் தியானுடையவை.