மல்வேர்ன் மண்ணில் கிடந்த ரேடியம்: வீடு வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

அல் ஐனில் இருக்கும் எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கால் ஸ்காபரோவில் இருக்கிறது. அண்ணன் அங்கே, தங்கை அங்கே; இங்கே உழைத்த காசு அங்கே வீட்டு முற்பணமாகப் போகிறது. அண்மையில் ஒரு வார இறுதிச் சாப்பாட்டில், மல்வேர்ன் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் கேட்டது: "அந்த மண்ணுக்குள்ள கதிரியக்கம் இருக்கெண்டு சொல்லுகினம், உண்மையோ?" ஒரு காலத்தில் உண்மை. மிச்சக் கதையும் தெரிந்தால்தான் பயப்படுவதா இல்லையா என்று முடிவெடுக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

1898இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்த ரேடியம், பிறகு இருட்டில் ஒளிரும் பூச்சுக்குப் பயன்பட்டது. கைக்கடிகாரங்களிலும், இரண்டாம் உலகப் போர்க்கால விமானக் கருவிகளின் முகப்புகளிலும் அதைத் தீட்டினார்கள். அந்த நாளில் அது விலை மிக்க பொருள். ஆகவே கழிவிலிருந்துகூட அதை மீட்டெடுக்கப் பார்த்தார்கள். 1940களில் மல்வேர்னில் ஒரு பண்ணை நிலத்தில் நடந்ததும் அப்படியான ரேடிய வேலைதான். வேலை நின்றது, மண்ணில் கலந்தது நின்றுவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த நாளில் புதைத்திருந்தாலும் இன்றைக்குப் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும்.

பின்னர் அந்த நிலம் அரசின் கைக்கு வந்தது. 1970களில் அங்கே அரசு வீடமைப்புத் திட்டத்தில் வீடுகள் எழும்பின. 1980இல் மக்ளூர் கிரெசென்ட் தெருவில் கதிரியக்க மண் இருப்பது வெளியே வந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த மண் மாசுபட்டது 1945இலேயே மாகாண சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும் அகற்ற நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று கண்ட ஒன்ராறியோ நீதிமன்றம் 1987இல் குடியிருப்பாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. எங்களை உறுத்துவது இதுதான்: தெரிந்திருந்தது, ஆனால் வீடு வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

மண்ணை எங்கே கொண்டுபோவது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. எந்த ஊரும் ஏற்க விரும்பவில்லை. 1990இல் அருகே மக்லெவின் அவெனியூ பகுதியிலும் மாசு கண்டார்கள். 1983க்குப் பிறகு எங்கள் சனம் ஸ்காபரோவில் குடியேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தான் இவை. கடைசியில் 1995இல் வளவுகளைத் தோண்டி மண்ணை எடுத்தார்கள். கூடுதல் கதிரியக்கம் கொண்ட சிறு பகுதி சோக் ரிவர் ஆய்வுகூடத்துக்குப் போனது. இலேசாக மாசுபட்டது ஸ்காபரோவிலேயே பாஸ்மோர் அவெனியூவில் மேடாக மூடி வைக்கப்பட்டது. ஆகவே மல்வேர்ன் என்ற பேரைக் கேட்டதும் வீட்டை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

ரேடியம் உடலுக்கு என்ன செய்யும்? கல்சியத்தைப் போன்ற குணம் உள்ளதால், விழுங்கினால் ஒரு பகுதி எலும்பில் போய்ச் சேர்ந்து அங்கேயே இருந்துகொண்டு கதிர் வீசும். அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தின் ஒரேஞ் நகரில் கடிகாரம் தீட்டிய இளம் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, எலும்புப் புற்றுநோய் வந்தது. ஐந்து பெண்கள் நடத்திய வழக்கு 1928இல் இழப்பீட்டோடு முடிந்தது. மாசுபட்ட வளவில் உடலுக்குள் போகும் அளவு அவர்களுடையதோடு ஒப்பிட முடியாதபடி சிறியது. என்றாலும் மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் பிள்ளையையும், வளவில் போட்ட மிளகாயையும் கீரையையும் யோசிக்கத்தான் வேண்டும்.

வீட்டுக்காரருக்கு உண்மையில் பெரிய கவலை ரேடியம் சிதையும்போது வரும் ரேடான் வாயு. நிறமில்லை, மணமில்லை. அத்திவாரத்து வெடிப்புகள் வழியாக நிலக்கீழ் அறைக்குள் வந்து தங்கும். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது அதுதான். புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும். இந்த வாயு மல்வேர்னுக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் எந்த மண்ணிலும் இயற்கையாகவே யூரேனியமும் அதிலிருந்து பிறக்கும் ரேடியமும் கொஞ்சம் உண்டு. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் எங்கள் பிள்ளைகள் இதை அவசியம் அறிய வேண்டும். கனடிய சுகாதார அமைச்சின் வழிகாட்டும் அளவு ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரல். அளக்கும் கருவி சிறியது, விலையும் அதிகமில்லை. குளிர்காலத்தில், கதவு யன்னல் மூடியிருக்கும் மூன்று மாதமாவது வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஓரிரு நாள் அளவை நம்பாதீர்கள். கூடுதலாக வந்தால், தரைக்குக் கீழே குழாய் இறக்கி விசிறியால் காற்றை வெளியே இழுத்துவிடுவார்கள். அநேகமாக எந்த வீட்டையும் இப்படிச் சரிசெய்யலாம்.

வாங்குமுன் வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீடு வருமுன் இந்த நிலத்தில் என்ன நடந்தது? ரொறன்ரோவுக்குக் கிழக்கே போர்ட் ஹோப்பில் 1930களில் தொடங்கிய ரேடியச் சுத்திகரிப்பின் கழிவை அந்த நகரெங்கும் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பக்கம் வீடு பார்ப்போர் வளவின் பதிவையும் கேட்பது நல்லது.

இங்கே வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் நீரில் ரேடியம் கரைந்திருக்கும். அது குழாயின் உட்புறத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். முழுக் குழாயைத் தொட்டால் பெரிய தீங்கில்லை. அரைக்கும்போதும் வெட்டும்போதும் எழும் தூசியை மூச்சோடு இழுப்பதுதான் கேடு. சனாயாவில் பழைய இரும்பு வெட்டும் தம்பிமார், உள்ளே கெட்டியான படிவுள்ள எண்ணெய்வயல் குழாய் வந்தால் முதலில் அதற்கு அளவீட்டுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள்.