ஆனதோத் நிலக் கிரயம்

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாளில், தீர்க்கதரிசி எரேமியா தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு வயலை விலைக்கு வாங்கிய நிகழ்ச்சி. விவிலியத்தில் எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரம் இதை விவரிக்கிறது. யூதாவின் அரசன் சிதேக்கியாவுக்குப் பத்தாம் ஆட்சியாண்டு, பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாருக்குப் பதினெட்டாம் ஆட்சியாண்டு என்று நூலே காலம் குறிக்கிறது, ஏறத்தாழ கி.மு. 588–587. துன்பக் காலத்தில் இறைவாக்கை நம்பியவர்கள் பற்றிய கதைகள் யூத, கிறிஸ்தவ மரபுகளில் ஏராளம். பத்திரமும் சாட்சிகளும் தராசும் இருப்பது இந்தக் கதையின் தனித்தன்மை.

ஆனதோத், எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரில், பென்யமீன் நாட்டில் இருந்த குருக்கள் ஊர். அதன் பெயர் இன்றைய அனாத்தா என்ற ஊரில் தங்கியிருக்கிறது. எரேமியாவுக்கும் ஊராருக்கும் ஆகாது. வாயை மூடாவிட்டால் கொல்வோம் என்று அவர்கள் மிரட்டியதை 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை. 16-ஆம் அதிகாரத்தின்படி அதுவும் இறைக்கட்டளை. வாரிசு இல்லாத ஒருவர், தன் உயிருக்கு உலை வைத்த ஊரில், எதிரிப் படை நிற்கும் பக்கத்து மண்ணை வாங்கினார் என்பதை மனத்தில் கொண்டால்தான் இந்தக் கிரயத்தின் வினோதம் புரியும்.

அப்போது அவர் கைதி. நகரம் எதிரி வசமாகும் என்று அறிவித்ததற்காக அரசன் அவரை அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைத்திருந்தான். அப்பம் சுடுவோர் தெருவிலிருந்து நாளொன்றுக்கு ஓர் அப்பம் அவருக்கு வந்தது, நகரில் அப்பம் தீரும்வரை. அந்த முற்றத்துக்கே வந்து நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டவர் அனாமெயேல், எரேமியாவுடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன். வறுமையால் ஒருவர் விற்கும் நிலத்தை நெருங்கிய உறவினர் மீட்கலாம் என்பது லேவியராகமம் 25-ஆம் அதிகாரச் சட்டம். அனாமெயேல் வருவார் என்று இறைவாக்கு முன்பே வந்திருந்தது. அவர் வந்து நின்ற பிறகே அது இறைவாக்குத்தான் என்று தெளிந்ததாக எரேமியா குறிப்பிடுகிறார்.

விலை 17 சேக்கல் வெள்ளி. யூதாவில் அப்போது நாணயப் புழக்கம் இல்லாததால் வெள்ளி தராசில் நிறுக்கப்பட்டது. ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மிகுதி என்பதால், மொத்தம் 190 கிராம் அளவில் வரும். வயலின் பரப்பு சொல்லப்படாததால் இது அடிமாட்டு விலையா, நியாய விலையா என்று கணிக்க வழியில்லை.

பத்திரம் இரண்டு படியாக எழுதப்பட்டது. ஒன்று முத்திரையிட்டு மூடியது, மற்றது பார்வைக்குத் திறந்தது. சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். நெடுங்காலம் அழியாதிருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி எரேமியா தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்தார். இந்த இரட்டைப் படி முறை கற்பனையன்று. பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட இத்தகைய பத்திரங்கள் யூதேயப் பாலைவனக் குகைகளில் கிடைத்துள்ளன. பாருக்கின் பெயர் பொறித்த களிமண் முத்திரை ஒன்று 1970-களில் பழம்பொருள் சந்தைக்கு வந்து பரபரப்பூட்டியது. அது போலி என்பதே இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. முற்றுகையில் நிலம் விற்ற வேறொரு கதையும் உண்டு. கார்த்தேஜ் தளபதி அனிபால் ரோமாபுரிக்கு வெளியே பாளயமிறங்கிய நிலம், நகரத்துக்குள் விலை குறையாமல் விற்றதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அது ரோமாபுரி வீழாது என்ற துணிச்சல். எரேமியாவோ நகரம் வீழும் என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்.

பணம் கொடுத்து, பத்திரமும் முடிந்த பிறகுதான் அவர் தடுமாறுகிறார். முற்றுகை மேடுகள் மதிலை எட்டிவிட்டன, வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் சூழ்ந்திருக்கின்றன, இந்த நேரத்தில் நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று நீண்ட மன்றாட்டில் கேட்கிறார். அந்நாட்டில் மறுபடியும் நிலம் வாங்கி விற்று, பத்திரம் எழுதிச் சாட்சி வைப்பார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். எப்போது என்று அங்கே சொல்லப்படவில்லை. மன்றாட்டை விட்டுவிட்டுக் கிரயத்தை மட்டும் பிரசங்கிப்பவர்கள், ஐயமே இல்லாத ஓர் எரேமியாவை உண்டாக்கிவிடுகிறார்கள்.

நகரம் வீழ்ந்து, ஆலயம் எரிந்தது. பின்னர் யூதரில் ஒரு கூட்டம் எரேமியாவை எகிப்துக்கு, தக்பானேசுக்கு, அழைத்துச் சென்றது. அவர் அந்த வயலை உழுததாகவோ அதில் குடியிருந்ததாகவோ செய்தி இல்லை. பாரசீக அரசன் கோரேசு கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய பின், நாடு திரும்பியோர் பட்டியலில் எஸ்றா நூல் ஆனதோத்தார் 128 பேரைக் கணக்கிடுகிறது.

யூத வழிபாட்டில், நில மீட்புச் சட்டம் வாசிக்கப்படும் ஓய்வுநாளோடு இந்தப் பகுதி இணைக்கப்பட்டுள்ளது. தமிழ்த் திருச்சபைகளில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியாவுக்கு நல்ல இடமுண்டு, குறிப்பாக நம்பிக்கையான எதிர்காலத்தை வாக்களிக்கும் 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனத்துக்கு. அதற்கு நேர்முன் உள்ள 10-ஆம் வசனம், பாபிலோனிலிருந்து திரும்புவதற்கு எழுபது ஆண்டு கெடு வைக்கிறது. அது பெரும்பாலும் அட்டையில் அச்சேறுவதில்லை.