நடப்பவர்களை மாடிக்கு அனுப்பிய லண்டன்

பார்பிகன் மேல்நடைபாதையில் வழிகாட்ட ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துப் போயும் நான் வழி தவறியிருக்கிறேன்! நடைபாதை ஏன் மேலே போனது?

1940 டிசம்பர் 29 இரவு, ஜெர்மன் குண்டுவீச்சில் இந்தப் பகுதி எரிந்தது. திரும்பக் கட்டும்போது, 1960களில், சிற்றி நிர்வாகம் தரையைக் கார்களுக்கு விட்டு, நடப்பவர்களுக்கு மேலே பாதை போட்டது. திட்டமிட்டது சுமார் 30 மைல். கட்டியது துண்டு துண்டாகத்தான். வரைபடத்தில் பார்க்க எந்தப் பொறியியலாளருக்கும் பிடித்திருக்கும். ஆனால் முழங்கால் வலியோடு எங்கள் அம்மம்மா அந்தப் படிகளில் எப்படி ஏறுவா? குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர்? நல்ல காலுள்ளவர்கள்கூடக் கீழேயே நடந்தார்கள்.

அங்கிருந்து கொஞ்ச நேர நடைதான் பாங்க் சந்தி. 2017இல் அதே நிர்வாகம், வார நாட்களில் பகலில் அங்கே பஸ்ஸும் சைக்கிளும் மட்டும் போகலாம் என்றது. கார்கள்தான் வேறு தெரு தேடின.